கீழ்வாசல் மணி

இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டி ஒரு கீறல்கூடப் படாதவர், சொந்த வீட்டுக் கூடத்தில் முக்காலியிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். நின்றுபோன சுவர்க் கடிகாரத்தைக் கழற்றத்தான் ஏறினார். விழும்போதும் கடிகாரத்தை விடவில்லை. கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டே விழுந்தார். சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவியிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கடிகாரத்துக்கு ஒண்ணும் ஆகலை."

"காலுக்கு?" என்றாள் அவள்.

கால் எந்தப் பக்கம் திரும்பக் கூடாதோ அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் மருத்துவர். முதல் வாரம் ராஜ வாழ்க்கைதான். கூடவே வேலை பார்க்கும் ஓட்டுநர்கள் தெருவில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். மாடி ஜன்னலிலிருந்து இவர் கையாட்டுவார். இரண்டாவது வாரம் அந்த ஜன்னலே வினையாயிற்று. நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிற ஒவ்வொரு பேருந்துக்கும் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார்.

"பாரு, கிளட்சை மிதிச்சே கொல்றான். அது வண்டியா, திராட்சைப் பழமா?"

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். நாள் முழுக்க முந்நூறு பிள்ளைகள் அமிலத்தைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டுவிட்டு வீடு திரும்புகிறவள். அவளுக்கு வீட்டில் தேவைப்பட்டதெல்லாம் அரை மணி நேர அமைதி. மூன்றாவது வாரம் ஒரு மாலை, மேசையின் அடி இழுப்பறையை அப்படியே உருவி, அவர் மடியில் வைத்தாள்.

இழுப்பறை நிறைய செத்துப்போன சாமான்கள். எரியாத டார்ச், பாடாத ரேடியோ, மூன்று ரிமோட், அடுப்படியில் வைக்கும் எடைக் கருவி, எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சுவர்க் கடிகாரம்.

"எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்றியா?"

"தூக்கிப் போடறதுன்னா நானே போட்டிருக்க மாட்டேனா? எதுவும் சாகலை. பேட்டரி உள்ளேயே கிடந்து கசிஞ்சு பூத்துப்போயிருக்கு. சுத்தம் பண்ணா ஓடும். உங்களுக்கும் பொழுது போகும், எனக்கும் காது ஆறும்."

அவர் டார்ச்சைத்தான் முதலில் எடுத்தார். மூடியைத் திறந்து பேட்டரியைத் தட்டினார், வரவில்லை. உள்ளே வெள்ளையாக, சுவரில் உப்புப் பூத்தது மாதிரி ஏதோ அதைக் கவ்விப் பிடித்திருந்தது. கத்தியை விட்டு நெம்பினார். பேட்டரியோடு அடியில் இருந்த சுருள்கம்பியும் இரண்டு துண்டாக வெளியே வந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமலே.

"இது ஏற்கெனவே உடைஞ்சிருந்தது."

"ஆமாமா. சத்தம் மட்டும் இப்பத்தான் வந்துது."

எழுந்து வந்து மேசையில் பழைய செய்தித்தாளை விரித்தாள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் வினிகர், காது குடையும் பஞ்சுக் குச்சிகள், தேய்ந்துபோன பல்துலக்கி, விரலகலத்துக்கு நறுக்கிய உப்புத்தாள், ஒரு குப்பி ஸ்பிரிட். ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வுக்கு எடுத்து வைப்பதைப் போலவே வரிசையாக வைத்தாள். கையுறை ஒரு ஜோடி கொடுத்தபோது அவர் சிரித்தார்.

"ஆபரேஷனா பண்ணப் போறேன்?"

"அது காரம். கையில பட்டா தோலு வழுவழுன்னு ஆகும், அப்புறம் எரியும். அதே கையால கண்ணைக் கசக்கினீங்கன்னா கால் டாக்டரோட கண் டாக்டரையும் பாக்கணும்."

அவர் கையுறையைப் போட்டுக்கொண்டார்.

கடிகாரத்தின் முதுகைத் திறந்தார்கள். தகட்டின் ஓரத்தில் வெள்ளைத் தூள், அதற்கடியில் பச்சைக் களிம்பு. வினிகரில் பஞ்சுக் குச்சியைத் தொட்டு வைக்கச் சொன்னாள். வைத்ததும் நுரைத்தது. பொரிந்து பொரிந்து மெல்லிய சத்தத்தோடு நுரை ஏறியதைப் பார்த்து ஓட்டுநர் வாயைப் பிளந்தார்.

"உயிரோட இருக்கு!"

"அவசரப்படாதீங்க. நுரை அடங்கட்டும். அப்புறம் துடைச்சுட்டு இன்னொரு தடவை. கடைசியில ஸ்பிரிட்டால துடைச்சா ஈரம் நிக்காது. பளபளன்னு தகடு தெரியற வரைக்கும் உப்புத்தாள், ஆனா வாஞ்சையா. பிரேக்கை மிதிக்கிற மாதிரி இல்ல."

"நான் பிரேக்கை வாஞ்சையாத்தான் மிதிப்பேன்."

"அப்ப அதே மாதிரி."

புதுப் பேட்டரி போட்டதும் நொடிமுள் ஒரு தடவை நடுங்கியது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல நடந்தது. அவர் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். தன்னைக் கீழே தள்ளிய கடிகாரத்தை மன்னித்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குப்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக உயிர் பெற்றது. ரேடியோ கரகரவென்று பேசியது. எடைக் கருவியில் தன் கட்டைவிரலை வைத்து எடை பார்த்தார். இரண்டு ரிமோட் பிழைத்தது, ஒன்றுக்குத் தகடே தின்னப்பட்டுப் போயிருந்தது. ஒரு பழங்காலப் பொம்மை விளக்கில் வேறு வகைப் பேட்டரி கசிந்திருந்தபோது, "எல்லாத்துக்கும் வினிகரை ஊத்தாதீங்க, இது அமிலப் பக்கம், சோடா உப்புத் தண்ணி போதும்" என்று மனைவி சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் தொலைபேசியில் தன் நண்பர்களிடம் அதையே தன் சொந்த அனுபவம்போல அளந்தார். ஜன்னல் பக்கம் போவதே நின்றது. கிளட்சை மிதித்துக் கொல்கிறவர்கள் நிம்மதியாகக் கொன்றுகொண்டு போனார்கள்.

வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. பாப்பா வரவில்லை.

பாப்பா என்பது மனைவியின் தங்கை. வயது நாற்பது ஆகிவிட்டது. பன்னிரண்டு வயது மூத்த அக்கா தூக்கி வளர்த்ததால் இன்னும் பாப்பாதான். இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, சாப்பிட்டு, கூடத்து சோபாவில் குறட்டை விட்டுத் தூங்கி, சாயங்காலம் போவாள். அவர் கால் முறிந்ததிலிருந்து ஒரு ஞாயிறுகூட வரவில்லை. போனும் இல்லை.

"மாமா கட்டுப் போட்டு உக்காந்திருக்காரு. ஒரு எட்டு வந்து பாக்கத் தோணலை பாருங்க அவளுக்கு," என்பாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"நீதானே வர வேணாம்னு சொன்னே?"

உண்மைதான். விழுந்த மறுநாள் பாப்பா பதறிப்போய்க் கூப்பிட்டபோது, ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் கண்விழித்த அசதியில் அக்கா வெடுக்கென்று சொல்லியிருந்தாள்: "யாரும் வந்து பாக்க வேணாம். வர்றவங்களுக்கும் சேர்த்து என்னால செய்ய முடியாது. நானே சமாளிச்சுக்கறேன்."

"வேணாம்னு சொன்னா வராமலே இருந்துடறதா?" என்றாள் இப்போது. "வேத்து மனுஷிக்குச் சொன்னா சரி. அவளுக்குச் சொன்னா, வரணும்னு அர்த்தம்."

ஓட்டுநர் கையிலிருந்த ரிமோட்டைத் துடைக்க ஆரம்பித்தார். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கை அவருக்குச் சில இடங்களில் வண்டியை ஓரங்கட்டக் கற்றுக்கொடுத்திருந்தது.

"நீயே ஒரு போன் போடேன்."

"நான் எதுக்குப் போடணும்? அவ போடட்டும்."

ஐந்தாவது வாரம் ஒரு புதன்கிழமை. மனைவி பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஓட்டுநருக்குச் சுத்தம் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. வீட்டில் வேறு எதில் பேட்டரி இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அப்போதுதான் வாசல் மணி நினைவுக்கு வந்தது.

அவர்கள் குடியிருந்தது மாடியில். தெருக்கதவு கீழே. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சின்ன பொத்தான். அதை அழுத்தினால் மாடிக் கூடத்தில் பொருத்திய பெட்டி குருவி மாதிரிக் கத்தும். இரண்டுக்கும் நடுவே கம்பி கிடையாது. பொத்தானுக்குள்ளே ஒரு குட்டி பேட்டரி. அந்தக் குருவிச் சத்தத்தைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்தார். தபால்காரர் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார். தண்ணீர்க் கேன்காரர் போனில் கூப்பிடுகிறார். நண்பர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். மணி அடித்து எவ்வளவு நாளாயிற்று?

பதினான்கு படி. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, கிண்ணமும் குப்பியும் வைத்த கூடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே இறங்கினார். மனைவி பார்த்திருந்தால் இன்னொரு காலையும் முறித்திருப்பாள்.

கதவைத் திறந்து வாசற்படியில் உட்கார்ந்து பொத்தானைக் கழற்றினார். மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. இத்தனை நாளில் அவர் பார்த்த எல்லாவற்றையும்விட மோசம். பேட்டரி ஊதி வெடித்து, தகடுகள் இருந்த இடமே தெரியாமல் பச்சையும் நீலமுமாகக் களிம்பு கட்டிப்போயிருந்தது. குச்சியால் மெல்லக் கிண்டி எடுத்தார். வினிகர் விட்டார், காத்திருந்தார், துடைத்தார். நான்காவது தடவை ஒரு ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குத் தகடு மின்னியது. அதைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாளால் மெதுவாக விரித்துக்கொண்டே போனார்.

எதிரில் தையல் கடை. கடைக்கார அம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், கால் இப்படி இருக்கறப்ப வாசல்ல?"

"மணி ரிப்பேர். ரொம்ப நாளா அடிக்கலை போலிருக்கு."

"அடிக்கலையா?" அந்த அம்மா எழுந்து தெருவைத் தாண்டி வந்தாள். "அப்ப அன்னிக்கு உங்களுக்குக் கேக்கவே இல்லையா? உங்க மச்சினிச்சி வந்து நின்னு அழுத்தி அழுத்திப் பாத்தாங்களே."

ஓட்டுநர் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"எப்ப?"

"நீங்க விழுந்த வாரமே. ஞாயித்துக்கிழமை. ஒரு கையில பழப்பை, இன்னொரு கக்கத்துல ஒரு பெரிய தலையணை. காலுக்கு அண்டக் குடுக்கன்னு சொன்னாங்க. அடுத்த ஞாயிறும் வந்தாங்க. அன்னிக்கு மேல டிவி ஓடுது, நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டுது. அவங்க கொஞ்ச நேரம் அண்ணாந்து பாத்துட்டு, தலையணையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டாங்க. சரி, ஏதோ குடும்ப விஷயம்னு நானும் கேட்டுக்கலை."

அந்த அம்மா கடைக்குத் திரும்பிப் போனாள். அந்த இரண்டாவது ஞாயிறு அவருக்கு நன்றாக நினைவிருந்தது. டிவியில் ஒருவன் ஏணியோடு சேற்றில் விழுந்தான். தானும் விழுந்தவர் என்பதால் அவர் கூடுதலாகச் சிரித்தார். கீழே பாப்பா நின்றிருக்கிறாள்.

புதுப் பேட்டரியைப் போட்டு அழுத்தினார். மாடியில் குருவி கத்தியது. மூன்று தடவை அழுத்திப் பார்த்தார், மூன்று தடவையும் கத்தியது. வழக்கமாக வரும் சந்தோஷம் வரவில்லை. செத்த பேட்டரியைக் காகிதத்தில் சுருட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே பதினான்கு படியும் ஏறினார்.

மாலை ஐந்து மணிக்கு வந்த மனைவியிடம், முதலில் தேநீர் குடிக்க விட்டு, பிறகு சொன்னார்.

அவள் டம்ளரை வைத்தாள். "தலையணையா?" என்றாள்.

"தலையணை."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

சுவரிலிருந்த மணிப் பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவர் எதிர்பார்த்தது வந்தது.

"வீட்டுல இருக்கற அத்தனையும் பிரிச்சுப் போட்டீங்களே, இந்த மணி உங்க கண்ணுல படலையா? டார்ச்சா முக்கியம்? பகல் பூரா வீட்டுல தானே இருந்தீங்க?"

"நீயும்தானே சிரிச்சே அன்னிக்கு," என்றார் அவர் பணிவாக.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, பாப்பா எடுக்கவில்லை. இன்னொரு தடவை. அதற்கும் எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டா. என் தங்கச்சிதானே," என்றாள், கொஞ்சம் பெருமையாகவே. "அந்தப் பேட்டரி எங்க?"

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடை காலியாக இருந்தது. பாப்பா கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு சட்டத்துக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே வாடிக்கையாளருக்குக் காட்டும் முகமாயிற்று.

"வாங்க. என்ன பாக்கறீங்க?"

"பாப்பா."

"தூரப்பார்வையா, கிட்டப்பார்வையா?"

"ரெண்டும் போயிடுச்சு," என்றாள் அக்கா. "வாசல்ல வந்து நின்ன தங்கச்சியும் தெரியலை, கூடத்துல அடிக்காத மணியும் தெரியலை." கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆய்வகத்துச் சீட்டு ஒட்டி, அதில் குண்டு குண்டான எழுத்தில் 'கீழ்வாசல் மணி. திறக்காதீர்கள்' என்று எழுதியிருந்தது.

பாப்பா குப்பியைத் தூக்கி, பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். பச்சை பூத்த அந்தக் குட்டி உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவா?"

"இதுதான். மழைத் தண்ணி இறங்கி நாறிப்போயிருக்கு. நீ எத்தனை அழுத்து அழுத்தியிருந்தாலும் மேல கேட்டிருக்காது."

"இதுக்கா நான் சோறு தண்ணி இல்லாம ஒரு வாரம் கிடந்தேன்?"

"ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா? அக்கான்னு ஒரு தடவை கத்தினா தெருவே திரும்பிப் பாக்குமே உன் தொண்டைக்கு!"

"கத்தியிருப்பேன்," என்றாள் பாப்பா. பூதக்கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை. அதற்குப் பின்னால் ஒரு கண் மட்டும் பெரிதாக, ஈரமாகத் தெரிந்தது. "போன்கூடக் கையில எடுத்தேன். ஆனா யாரும் வர வேணாம்னு நீ சொன்னது ஞாபகத்துக்கு வந்துடுச்சு. யாரும்னா நானும்தானா? மேல இருந்து சிரிப்புச் சத்தம் வேற. நான் இல்லாமலே நல்லாத்தான் இருக்காங்கன்னு தோணிடுச்சு. மணி அடிக்கலைங்கறது பேட்டரி தப்பு. வர வேணாம்னது பேட்டரி சொன்னதில்லையே அக்கா."

அக்கா வழியெல்லாம் இந்தக் குப்பியைக் காட்டினால் போதும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இல்ல," என்றாள். "அது நான் சொன்னதுதான். அசதியில சொன்னேன். சொன்ன அஞ்சாவது நிமிஷமே நீ வந்தா நல்லாருக்கும்னு இருந்துச்சு. அதையும் சொல்லியிருக்கணும். வீம்பு, வேற என்ன."

பாப்பா பூதக்கண்ணாடியைக் கழற்றினாள். "வீம்புல உனக்கு நான் இளைச்சவளா? அஞ்சு வாரம் தாங்கினேன் பாத்தியா."

"எனக்குத் தங்கைன்னா அப்படித்தான் இருப்பா."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. உள்ளே வந்த ஒரு பெரியவர், அழுதுகொண்டே சிரிக்கும் இரண்டு பெண்களைப் பார்த்து, அப்புறம் வரலாமா என்று கேட்டார். பாப்பா அவரை உட்காரவைத்து, அவர் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, காதுக்குப் பின்னால் இறுக்கம் சரிபார்த்து அனுப்பினாள். அக்கா ஒரு மூலை நாற்காலியில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடை மூடுகிறவரை இருந்துவிட்டுத்தான் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா வந்தாள். பழப்பை இருந்தது. தலையணை இல்லை.

"எங்கேம்மா, எனக்கு வாங்கின தலையணை?" என்றார் ஓட்டுநர்.

"அதுல நானே படுத்துப் பழகிட்டேன் மாமா. அது இல்லாம தூக்கம் வரலை. உங்களுக்குத்தான் கட்டுப் பிரிக்கப் போறாங்களே."

பதிலுக்குப் பாப்பா ஒரு பை நிறையச் சாமான் கொண்டுவந்திருந்தாள்: கடையில் ஓடாமல் கிடந்த இரண்டு மேசைக் கடிகாரம், கண்ணாடி கழுவும் சின்னக் கருவி, தன் வீட்டு எடைக் கருவி. சாப்பிட்டதும் மூவரும் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்கள். நுணுக்கமான வேலையில் பாப்பாவின் விரலுக்கு முன் ஓட்டுநரால் நிற்க முடியவில்லை. அதை ஒப்புக்கொள்ளாமல், "வாஞ்சையா, வாஞ்சையா" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் கைகழுவிவிட்டு சோபாவில் சாய்ந்தாள். ஐந்து நிமிடத்தில் குறட்டை.

அடுத்த வாரம் கட்டைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த கால் இளைத்து வெளுத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. தினமும் சாயங்காலம் தெருமுனை வரை நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பாப்பாவும் கடையிலிருந்து நேராக வந்துவிடுவாள். ஓட்டுநர் நடுவில், இரு பக்கமும் அக்காவும் தங்கையும்.

மூன்றாவது நாள் நடந்துகொண்டிருக்கும்போதே பாப்பா சொன்னாள்: "அக்கா, எங்க முதலாளி இன்னொரு கடை திறக்கறாரு. அதை என்னைப் பாத்துக்கச் சொல்லியிருக்காரு. முழுப் பொறுப்பும்."

அக்கா நின்றுவிட்டாள். "எப்ப சொன்னாரு?"

"ஒரு மாசம் ஆச்சு."

"ஒரு மாசமா யார்கிட்டயும் சொல்லலையா?"

"உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது? வேற யார்கிட்ட சொன்னாலும் சொன்ன மாதிரியே இருக்காதே." செருப்பு நுனியால் ஒரு கல்லைத் தள்ளினாள். "பதில் சொல்ல இந்த வாரம் வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன். முடியுமா என்னாலன்னு பயமா இருக்கு."

"முடியுமாவாம்! முழுசா ஒரு கடை, அதுக்கு ஒரு பொறுப்பாளர், அது என் பாப்பா!" அக்காவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. உடனே கேள்விகள் கிளம்பின. கடை எந்தத் தெருவில், எத்தனை பேர் வேலைக்கு, சாவி யாரிடம், மத்தியானம் சாப்பாட்டுக்கு என்ன செய்வாள், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும். பாப்பா ஒன்றுக்குப் பதில் சொல்வதற்குள் அடுத்தது வந்தது.

தெருமுனை வந்து, அதைத் தாண்டியும் ஆயிற்று. இருவரும் கவனிக்கவில்லை. ஓட்டுநருக்குக் கால் வலிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு வீட்டுக் குட்டைச் சுவர்மேல் மெதுவாக உட்கார்ந்துகொண்டார். பத்தடி தள்ளி அக்காவும் தங்கையும் கையாட்டிக் கையாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். புதுக் கடை ஜன்னல் திரைக்கு நீலமா பச்சையா என்று அதற்குள் ஒரு சண்டை தொடங்கியிருந்தது. வெயில் இறங்கிக் காற்று வந்தது. அவர் காலை நீட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். ஐந்தும் அசைந்தன.